குடிகாரன் வேடம்

அன்னூர்
8.11.1993

மதிப்பிற்குரிய சிக்கந்தர் அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரிந்திருக்காது. என் பெயர் பாவாத்தாள். அன்னூர்ப் பக்கத்தில் கிராமச் செவிலியராக இருக்கிறேன். போன மாதம் 14ஆம் தேதி, கோபிசெட்டிபாளையம் பக்கம் படப்பிடிப்புக்குப் போன இடத்தில் வாய்க்காலில் விழுந்து இறந்துபோன நடிகர் ராசப்பனின் தங்கை நான்.

வெறுமனே ராசப்பன் என்றால் எங்கள் ஊரிலேயே பாதிப் பேருக்கு அடையாளம் தெரியாது. பாட்டில் ராசப்பன் என்றால் தெரியும். இருபத்திரண்டு வருடத்தில் எழுபது படத்துக்கு மேல் நடித்தார். எல்லாவற்றிலும் ஒரே வேடம். கையில் பாட்டிலோடு தள்ளாடிக்கொண்டு வருவார், வில்லன் பக்கத்தில் நிற்பார், கதாநாயகனிடம் உதை வாங்கி விழுவார்.

உடலைக் கொண்டுவந்த வேனில் படக்கம்பெனி மேனேஜர் சுந்தரராஜுலுவும் வந்திருந்தார். "என்னத்தச் சொல்றதுங்க அம்மணி. ஷூட்டிங் முடிஞ்சதும் நல்லா ஊத்திக்கிட்டு, குளிக்கறேன்னு வாய்க்காலுக்குப் போயிட்டாருங்க. நாங்க பாக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சுங்க" என்றார். போலீஸிலும் அப்படியே எழுதிவிட்டார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் யாரும் ஏன், எப்படி என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

போன வாரம் பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகல் கைக்கு வந்தது. என் வேலையில் இப்படிப்பட்ட காகிதங்களைப் படித்துப் பழக்கம். இரைப்பையில் செரிக்காத சோறு இருந்தது, மது வாடை இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். நுரையீரலில் தண்ணீர் கொஞ்சம்தான். கழுத்தெலும்பு முறிந்திருக்கிறது. குளிக்கப் போய் மூழ்கியவருக்குக் கழுத்து எப்படி முறியும்?

அண்ணனின் பெட்டியில் உங்கள் ஸ்டுடியோ முகவரி அச்சடித்த உறை ஒன்று கிடைத்தது. அந்தப் படத்துக்கு நீங்கள்தான் ஸ்டில் போட்டோகிராபர் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு நீங்கள் அங்கே இருந்தீர்கள். என் அண்ணன் குடித்திருந்தாரா? இந்த ஒன்றுக்குப் பதில் எழுதினால் போதும். தபால் தலை ஒட்டிய உறை உள்ளே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பா. பாவாத்தாள்


கோட்டைமேடு, கோவை
17.11.1993

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ராசப்பன் அண்ணன் போனதில் எனக்கும் துக்கம்தான். பத்து வருடப் பழக்கம். கோபி, பொள்ளாச்சிப் பக்கம் எந்தப் படம் நடந்தாலும் ஸ்டில் எடுக்க என்னைக் கூப்பிடுவார்கள். அவர் இருக்கிற செட் என்றால் எனக்குச் சந்தோஷம். என் மகள் ரம்ஷாவுக்கு ஒவ்வொரு தடவையும் எதையாவது வாங்கிக் கொடுத்தனுப்புவார். படத்தில் பார்க்கிற ஆளுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அந்தப் பாட்டிலில் கூட, மற்றவர்கள் மாதிரி கடுங்காப்பி ஊற்ற விடமாட்டார். வயிற்றுக்கு ஆகாது என்று வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக்கொள்வார்.

நீங்கள் கேட்டது பற்றி எனக்கு அதிகம் தெரியாது. அந்த நேரத்தில் நான் மர நிழலில் உட்கார்ந்து காமிராவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுத்தான் ஓடினேன். குடித்திருந்தார் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். டாக்டர்கள் எழுதுவதிலும் சில சமயம் பிசகு வருவதுண்டு. போனவரை இனிக் கொண்டுவர முடியாது. நீங்கள் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
எஸ். சிக்கந்தர்


அன்னூர்
24.11.1993

திரு. சிக்கந்தர் அவர்களுக்கு,

பதில் எழுதியதற்கு நன்றி. வெல்லத் தண்ணீர் விஷயம் எனக்குத் தெரியாது. எண்பத்தாறில் அண்ணனுக்குக் குடல் புண்ணுக்கு அறுவை நடந்தது. நான்தான் பன்னிரண்டு நாள் கூட இருந்து பார்த்தேன். கடுங்காப்பியைக் கூடத் தொடாதவர் அன்றைக்கு மட்டும் பிராந்தி குடித்தாரா?

நேற்று ஸ்டேஷனில் இருந்து மரண விசாரணைக் காகிதங்களின் நகலும் கிடைத்தது. அதில் இரண்டாவது சாட்சி எஸ். சிக்கந்தர், கோட்டைமேடு. "இறந்தவர் காலையிலிருந்தே குடித்துக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன்" என்று இருக்கிறது. கீழே உங்கள் கையெழுத்து. எனக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிற அதே கையெழுத்து.

மர நிழலில் காமிராவைத் துடைத்துக்கொண்டிருந்தவர் கண்ணால் எதைப் பார்த்தீர்கள்?

பா. பாவாத்தாள்


கோவை
2.12.1993

அம்மா,

இனி எனக்கு எழுத வேண்டாம். உங்கள் கடிதத்தை என் மனைவி சாஜிதா பிரித்துப் படித்துவிட்டாள். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. சுந்தரராஜுலு கூப்பிடவில்லை என்றால் எனக்கு இந்தப் பக்கம் படமே கிடையாது. உங்களுக்குச் சர்க்கார் வேலை. என் நிலைமை அப்படி இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அண்ணன் உயிரோடு இருக்கும்போது ஆறு வருடம் அவர் முகத்தைப் பார்க்காத தங்கைக்கு இப்போது எங்கிருந்து வந்தது இவ்வளவு அக்கறை? நானாகச் சொல்லவில்லை. அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

சிக்கந்தர்


அன்னூர்
20.12.1993

சிக்கந்தர் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இரண்டு வாரம் எழுதாமல்தான் இருந்தேன். ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். அதைக் கேட்க அண்ணனுக்குத்தான் உரிமை. அவர் கேட்கவே இல்லை.

எண்பத்தேழு ஆவணியில் என் மகள் இளவேனிலுக்கு நிச்சயம் வைத்திருந்தோம். மாப்பிள்ளை வீடு காரமடை. அண்ணன் மதராஸிலிருந்து ரயிலேறி, புது வேட்டி சட்டையில் வந்திறங்கினார். தாய்மாமன் இல்லையா? அவர் வாசலுக்கு வந்ததும் மாப்பிள்ளை வீட்டுக் குழந்தைகள் "பாட்டில்! பாட்டில்!" என்று கத்திக்கொண்டு ஓடின. அவரும் சிரித்துக்கொண்டே அவர்களுக்காக இரண்டடி தள்ளாடிக் காட்டினார். பெரியவர்கள் யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏனுங்க அம்மணி, இவருதான் பொண்ணுக்குத் தாய்மாமனுங்களா? இப்படின்னு மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே" என்றார். சாப்பிடாமலே எழுந்து போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் அண்ணனிடம் நான் சொன்னேன்: "அண்ணா, இளவேனிலுக்குக் கல்யாணம் முடியற வரைக்கும் நீங்க இந்தப் பக்கம் வராதீங்க." எனக்கு நன்றாகத் தெரியும், அவர் குடிக்கிறவர் இல்லை. தெரிந்தும் சொன்னேன். அவர், "செரி கண்ணு. புள்ளைக்கு நல்லபடியா நடக்கோணும். நான் வரலை" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. தாய்மாமன் சீரை ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவரை வைத்து முடித்துக்கொண்டோம். வராதீர்கள் என்று சொன்னவள் நான். வாருங்கள் என்று சொல்ல வேண்டியவளும் நான்தான். இன்றைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று ஆறு வருடம் போய்விட்டது. கோபியில் படப்பிடிப்புக்கு வந்து பத்து நாள் தங்கியிருக்கிறார். இங்கிருந்து ஒன்றரை மணி நேர பஸ். எனக்குத் தகவல் கூட இல்லை. நான்தானே வராதே என்றேன்.

அவர் குடித்துவிட்டு விழுந்தார் என்று சுந்தரராஜுலு சொன்னபோது, 'கடைசியில் வேடத்தைப் போலவே ஆகிவிட்டாரே' என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்கவில்லை. அறிக்கையைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. உண்மையை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் எப்படிச் செத்தார்?

பாவாத்தாள்


கோவை
3.1.1994

சகோதரிக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். உங்கள் கடிதத்தைச் சாஜிதாவிடம் நானே படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தம்மா தம்மேல இருக்கற தப்ப எழுதிட்டாங்க. நீங்க எப்போ எழுதப் போறீங்க?" என்றாள். எழுதுகிறேன்.

அண்ணன் குளிக்கப் போகவில்லை. படப்பிடிப்பில்தான் இறந்தார்.

அன்றைக்கு எடுத்தது, கதாநாயகன் உதைக்க, குடிகார அடியாள் பாலத்துக் கைப்பிடிச் சுவரிலிருந்து வாய்க்காலுக்குள் விழும் காட்சி. முதல் நாள் இடம் பார்த்தபோது ஆளை மூழ்கடிக்கும் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. மறுநாள் காலையில் மேலே மதகை இறக்கிவிட்டார்கள் போலிருக்கிறது. பதினொன்றரைக்குத் தண்ணீர் நன்றாகக் குறைந்திருந்தது. ஆனால் கலங்கல் தண்ணீர். பாலத்தின் மேலிருந்து பார்த்தால் ஆழம் தெரியாது. விழுவதற்கென்று ஏற்பாடு செய்திருந்த டூப் வரவில்லை.

அண்ணன் சுவரோரம் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க மேனேஜர், தண்ணி கம்மியாட்டம் இருக்குதுங்களே. ஒரு கழிய உட்டுப் பாத்துப்போட்டு எடுக்கலாமுங்களா?" என்று கேட்டார். கதாநாயகன் மூன்று மணி விமானத்தைப் பிடிக்க வேண்டும். சுந்தரராஜுலு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "எழுவது படத்துல உழுந்தவரு நீங்க. உங்களுக்கு நாங்க சொல்லித் தரோணுமாண்ணா? ஒரே டேக்குங்க. முடிச்சுக் குடுத்துருங்க" என்றார். அண்ணன் சுவர்மேல் ஏறி நின்றார். அவர் எந்தப் படத்திலும் இரண்டாவது தடவை கேட்டு நான் பார்த்ததில்லை.

விழுந்தார். தலை முதலில் போயிற்று. குப்புற மிதந்தார், இரண்டு கையையும் விரித்தபடி. அத்தனை தத்ரூபமாக இருந்ததால் டைரக்டர் 'கட்' சொல்லாமல் காமிராவை ஓடவிட்டார். சொன்ன பிறகு எல்லாரும் கை தட்டினோம். அவர் எழவில்லை. யாரோ, "அண்ணனுக்கு இன்னும் போதை எறங்கலையாட்டம்!" என்றார்கள். அத்தனை பேரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். நல்ல ஸ்டில் என்று நினைத்து மூன்று படம் எடுத்தேன். மூன்றாவது படம் எடுக்கும்போதுதான் ஒரு ஸ்டண்ட் ஆள் சந்தேகப்பட்டு உள்ளே இறங்கினார். அவர் போய் நின்றபோது தண்ணீர் அவர் இடுப்பு வரைக்கும்தான் இருந்தது. அப்போதுதான் எங்கள் சிரிப்பு நின்றது.

பாலத்தில் எடுக்க அனுமதி வாங்கியிருக்கவில்லை. சுந்தரராஜுலு எங்களைக் கூட்டி வைத்து, என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். ஒரு பிராந்திப் பாட்டிலைத் திறந்து அண்ணனின் சட்டையில் ஊற்றினார்கள். எனக்கு அடுத்தடுத்து இரண்டு படம் தருவதாகச் சொல்லியிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் முகத்தைப் பார்த்ததுமே, "அட, பாட்டில் ராசப்பனா! இவன் வேறெப்படிச் சாவான்?" என்றார். அதற்குப் பிறகு நாங்கள் சிரமப்பட்டுப் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரே சொல்லச் சொல்ல, கூட வந்த போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

படச்சுருளை இன்னும் நான் கொடுக்கவில்லை. கழுவும்போது வீணாகிவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சிக்கந்தர்


அன்னூர்
11.1.1994

சிக்கந்தர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. கை தட்டினோம் என்ற இடத்தில் மடித்து வைத்தேன். மூன்று நாள் கழித்துத்தான் மீதியைப் படித்தேன். உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத மாட்டேன்.

நீங்களும் சிரித்ததை எழுதாமல் விட்டிருக்கலாம். என்னால் கண்டுபிடித்திருக்க முடியாது. அதையும் எழுதினீர்கள் என்பதால்தான் மற்றதை நம்புகிறேன்.

கலெக்டருக்கு மனுக் கொடுத்திருந்தேன். கோட்டாட்சியர் மறுபடியும் விசாரிக்க உத்தரவாகியிருக்கிறது. அடுத்த மாதம் 14ஆம் தேதி, திங்கட்கிழமை காலை பத்து மணி. நெகட்டிவோடு நீங்கள் வந்து சொன்னால்தான் அண்ணன் பேர் துலங்கும். முன்னே சொன்னதை மாற்றிச் சொன்னால் உங்கள் மேலும் வழக்கு வரலாம் என்று வக்கீல் சொன்னார். இதை மறைத்து உங்களைக் கூப்பிட எனக்கு இஷ்டமில்லை.

நீங்கள் வராவிட்டாலும் உங்கள் கடிதத்தை விசாரணையில் கொடுக்க மாட்டேன். அது எனக்கு எழுதியது.

பாவாத்தாள்


கோவை
5.2.1994

சகோதரிக்கு,

முந்தாநாள் சுந்தரராஜுலு ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார். விசாரணை விஷயம் அவருக்கும் தெரிந்திருக்கிறது. "பாய், அந்த பிலிம் ரோலு கெட்டுப்போச்சுன்னு சொன்னீங்க. கெட்டுப்போனதையே குடுங்க, பரவாயில்ல" என்றார். தேடித் தருகிறேன் என்று அனுப்பிவிட்டு, உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தால் நெகட்டிவைக் காணோம். எனக்கு உயிரே போய்விட்டது. சாஜிதா அடுப்பைப் பார்த்தபடியே, "அரிசி டிரம்முக்குள்ள இருக்கு. யாரு கேட்டாலும் குடுக்க மாட்டேன். நீங்க கேட்டாலுந்தான்" என்றாள்.

நேற்றுக் கோபிக்குப் போய்வந்தேன். அந்த மதகைத் திறந்து மூடுகிறவர் பெயர் அரங்கசாமி. பொதுப்பணித்துறை ஆள். அன்றைக்கு எத்தனை மணிக்குத் தண்ணீரை நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். "பத்தே காலுக்கு மதவ எறக்கிப்போட்டேனுங்க. நோட்டுல எழுதியிருக்குது. ஆராச்சும் வந்து கேட்டாக் காட்டலாமுன்னு நானும் இருந்தேன். இத்தன நாளா ஆரும் கேக்கலீங்க" என்றார். நோட்டோடு வருகிறேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்.

எனக்குப் பயம் போகவில்லை. கையெழுத்துப் போட்ட கை இது. அங்கே வந்து நின்று, நான் பொய் சொன்னேன் என்று சொல்லும்போது நாக்கு எழுமா தெரியாது. சாஜிதாவும் கூட வருகிறாள். வழியில் நான் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் வருகிறாளாம்.

14ஆம் தேதி திங்கட்கிழமை வருகிறோம்.

சிக்கந்தர்


அன்னூர்
5.9.1994

சிக்கந்தர் அண்ணனுக்கு,

நீங்களும் சாஜிதாவும் ரம்ஷாவும் நலம்தானே? போன வாரம் நீங்கள் எழுதியது கிடைத்தது. சினிமா வேலை அடியோடு நின்றுபோய்க் கல்யாண வீடுகளில்தான் படம் எடுக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு சங்கடப்பட்டது. உங்கள் மேல் வழக்குப் போடாமல் சாட்சியாகவே வைத்துக்கொண்டதில்தான் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

மன்னித்துவிட்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள். விசாரணை அன்றைக்கு நீங்கள் சொல்லி முடித்ததும் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். சாஜிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது எனக்கு உங்கள் மேல் கோபம் இருக்கவில்லை. வேறு சில நாட்களில் அந்தக் கைதட்டல் நினைவுக்கு வரும்போது மறுபடியும் வருகிறது. உள்ளதைச் சொல்கிறேன். என்னை மன்னிக்க வேண்டியவர் உயிரோடு இல்லை. உங்களுக்காவது நான் இருக்கிறேன். பொங்கலுக்கு மூன்று பேரும் இங்கே வர வேண்டும்.

கோட்டாட்சியரின் அறிக்கை நகல் ஜூலையில் கிடைத்தது. உள்ளுறுப்புப் பரிசோதனையிலும் மது இல்லை. "இறந்தவர் மது அருந்தியிருக்கவில்லை. போதிய ஆழமில்லாத நீரில், முன்னெச்சரிக்கையின்றி விழச் செய்யப்பட்டதால் இறந்தார்" என்று எழுதியிருக்கிறார்கள். சுந்தரராஜுலு மேலும் டைரக்டர் மேலும் வழக்கு நடக்கிறது. எத்தனை வருடம் இழுக்குமோ தெரியாது. அறிக்கை விவரம் பத்திரிகையிலும் வந்தது. காரமடையிலிருந்து ஒருவர் அதைக் கத்தரித்து எனக்கு அனுப்பியிருந்தார். பேர் போடவில்லை.

அந்தப் படம் போன வெள்ளிக்கிழமை இங்கே வந்தது. நாம் நோட்டீஸ் அனுப்பியதால், அண்ணன் விழுகிற காட்சியை எடுத்துவிட்டார்கள். நான் போவதாகவே இல்லை. இளவேனில்தான் பிடிவாதமாகப் பகல் காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அண்ணன் நடித்த படம் ஒன்றையும் நான் ஏழு வருடமாகப் பார்க்கவில்லை.

இரண்டு காட்சியில் வந்தார். எப்போதும் போலப் பாட்டிலோடு. ஒரு காட்சியில் வில்லன் திட்டும்போது தலையைக் குனிந்துகொண்டு சட்டைப் பொத்தானைத் தேடித் தேடிப் போடுகிறார். சின்ன வயதில் அப்பா திட்டும்போதும் அப்படித்தான் செய்வார். இளவேனில் என் கையை விடவே இல்லை. இடைவேளைக்குப் பிறகு அவர் வரவே இல்லை. கதையில் அதற்கு ஒரு காரணமும் சொல்லவில்லை.

எங்களுக்குப் பின்வரிசையில் மில் வேலைக்காரர்கள் போல இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன், "ஏன்டா, அந்தக் குடிகாரன எங்க காணோம்?" என்று கேட்டான். இன்னொருவன் சொன்னான்: "அவரு செத்துப்போயிட்டாருடா, இந்தப் படத்துலயேதான். பேப்பர்ல போட்டிருந்தானே. நெசத்துல அவரு குடிச்சதே இல்லையாமா."

தியேட்டரில் என் அண்ணனை யாரும் 'அவரு' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அன்புடன்,
பாவாத்தாள்